ஊர் வழக்கம் யார் சொன்னது?

(பாகூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆளும் வர்க்கம் எப்படி ஒரு சமூகத்தின் பொது நம்பிக்கைகளை உருவாக்குகிறது என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இந்தத் தலைப்புக்கு வாய்ப்பாடு போல ஒரு பேச்சு உண்டு. மார்க்ஸில் தொடங்கி, நடுவில் ரஷ்யாவைத் தொட்டு, கிராம்சியில் முடித்தால் எல்லோரும் கை தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம். அந்தப் பெரியவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் இந்த ஏரிக்கரை.

பாகூர் ஏரி, புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு வந்து சேர்கிறது. அந்த வாய்க்காலை வெட்டியது யார் என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். பங்காரி, சிங்காரி என்று அக்கா தங்கை இருவர், தேவதாசிகள், தாங்கள் சேர்த்த பொருளையெல்லாம் போட்டு ஊருக்காக வாய்க்கால் வெட்டினார்கள். கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, சாரம் இதுதான். எனக்கும் பிடித்த கதை. ராஜா வெட்டினான், மந்திரி வெட்டினான் என்று சொல்லாமல் இரண்டு பெண்களின் பெயரை ஊர் இத்தனை காலம் வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? கூடை தூக்கிய பெண்கள் யார்? கரை உடைந்த இரவுகளில் மூட்டை அடுக்கியவர்கள் யார்? பொருள் கொடுத்தவர் பெயர் கதையில் இருக்கிறது. உடம்பைக் கொடுத்தவர் பெயர் இல்லை. இல்லை என்பது நமக்கு ஒரு குறையாகத் தோன்றுவதுகூட இல்லை, பாருங்கள். அந்த இடத்தைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கப் போகிறோம்.

புதுவை நகரத்துக்காரர்களுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அதன் கதை. கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரு பெரிய மனிதர் இந்தப் பக்கம் வந்தார். அவர் ராயரே என்பார்கள் சிலர், ராயரின் மந்திரி என்பார்கள் சிலர். அந்தி நேரத்தில் விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று யாரோ சொன்னதும் அவமானம் பொறுக்காமல் இடிக்கச் சொன்னார். ஆயி அழுது கெஞ்சி, தானே இடிப்பதற்கு அவகாசம் வாங்கி, வீட்டை இடித்துவிட்டு அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாள். முத்திரப்பாளையத்துக் குளம் அது என்று சொல்லுவார்கள். பிற்பாடு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது ஆயியின் பெயரில் மண்டபம் எழுந்தது.

இந்தக் கதையை நாம் ஆயியின் தியாகக் கதையாகச் சொல்கிறோம். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். தவறாகக் கும்பிட்டவர் அவர். அவமானம் அவருடையது. இடிந்தது அவள் வீடு. ஆணை போட்டவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. இடிக்கச் சம்மதித்தவளுக்கு மண்டபம் எடுத்தோம். பங்காரி கதையிலும் உள்ளே ஓடுவது இதே கணக்குதான். தாசிக்கு மரியாதை வரவேண்டுமானால் அவள் தன் சொத்தை ஊருக்கு விட்டுவிட வேண்டும். மிராசுதாருக்கு அப்படி ஒரு நிபந்தனை எந்தக் கதையிலும் கிடையாது. அவர் சொத்தை வைத்துக்கொண்டே மரியாதையாக இருக்கலாம்.

இந்தக் கதைகளை யாரோ நாலு பேர் உட்கார்ந்து சதி செய்து கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். பாட்டிமார்கள்தான் சொன்னார்கள், கூடை தூக்கிய வீட்டுப் பாட்டிமார்களும் சேர்ந்துதான் சொன்னார்கள். நம்முடைய விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

இப்போது மார்க்ஸைக் கூப்பிடலாம். அவரும் எங்கெல்ஸும் 1845, 46 வாக்கில் எழுதிய ‘ஜெர்மன் சித்தாந்தம்’ கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, முழுதாக அச்சேறியது 1932-ல்தான். அதில் அவர்கள் சொல்வதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால்: நிலமும் தொழிலும் யார் கையில் இருக்கிறதோ, புத்தகமும் பள்ளியும் பிரசங்கமும் அவர்கள் பக்கமே சாயும், எனவே அவர்களுடைய எண்ணம் எல்லோருடைய எண்ணமாகவும் ஆகிவிடும். பிறகு முசோலினியின் சிறையில் இருந்துகொண்டு கிராம்சி ஒரு படி மேலே போனார். அடித்து மட்டும் யாரும் நெடுநாள் ஆள முடியாது. ஆளப்படுகிறவன் ‘இதுதானே நியாயம்’ என்று தானே சொல்ல வேண்டும். அந்தச் சம்மதம் எப்படி விளைகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பாகூருக்கு இந்த இரண்டும் போதும். மற்றதை இந்த மண்ணே சொல்லும்.

பாகூர்ச் செப்பேடு பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டு, அதாவது 9-ஆம் நூற்றாண்டு. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்கள் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்விக்கூடத்துக்கு, எழுதிக் கொடுக்கப்பட்டன. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னேயே எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் என்று நாம் பெருமைப்படுகிறோம். பட வேண்டியதுதான். பொய்யில்லாத பெருமை.

ஆனால் அந்தச் செப்பேட்டை ஒரு பத்திரமாகவும் படித்துப் பார்க்க வேண்டும். சம்ஸ்கிருதம் ஒரு பகுதி, தமிழ் ஒரு பகுதி. ராஜாவின் வம்சமும் கொடைக்கு விண்ணப்பம் செய்த தலைவனின் குலப்பெருமையும் சம்ஸ்கிருதத்தில் வருகின்றன. எல்லை எது, யார் போய் நட்டார்கள், எந்த ஊருக்கு மேற்கே, எந்தக் காட்டுக்குத் தெற்கே என்பது தமிழில் வருகிறது. கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டியவர்கள் நாட்டார், அதாவது அந்த வட்டாரத்தின் நிலக்கிழார்கள். ராஜா ஆணையிட்டார், நாட்டார் தலைமேல் வைத்து நிறைவேற்றினார்கள், கல்விக்கூடத்தார் பெற்றுக்கொண்டார்கள். மூன்று ஊரிலும் நாற்று நட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து யாரும் ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்கவில்லை. அங்கே விளைந்த நெல்லில் சாஸ்திரம் படித்தார்கள். நெல்லை விளைவித்தவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் நூல்களும் அந்தச் சாஸ்திரங்களில் அடக்கம். இதைச் சொல்லிப் பாகூரின் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. பெருமை ஒருவர் பங்கு, நெல் இன்னொருவர் பங்கு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்லுவார்கள். ஆகவே களத்துமேட்டுக்கே போவோம். என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். பிள்ளைகள் கேட்டிருக்கமாட்டீர்கள், இப்போது அறுவடை மெஷின் வந்து மூட்டையாகவே கொட்டிவிட்டுப் போய்விடுகிறது.

நெல் அடித்துத் தூற்றி அம்பாரமாகக் குவித்திருக்கும். பொலியின் மேல் சாணிப் பிள்ளையார், அருகம்புல். நிலக்காரர் கிழக்குப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மரக்காலைப் பிடித்து அளப்பவன் பண்ணையாள். முதல் மரக்காலை அள்ளிப் போடும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டான். ‘லாபம்’ என்பான். பிறகுதான் ‘ரெண்டு, மூணு’ என்று தொடரும். லாபம் என்று உரக்கச் சொல்கிற அந்த மனிதனுக்கு அதில் லாபம் ஏதும் கிடையாது. அவனுக்கு வரவேண்டியது கூலி. ஆனால் அவன் வாயால் சொன்னால்தான் களம் விளங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். தவறிப்போய் ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டால் அவனே நாக்கைக் கடித்துக்கொள்வான்.

அளக்கிற விதத்திலும் சூட்சுமம் இருந்தது. வாரமோ குத்தகையோ நிலக்காரர் பத்தாயத்துக்குப் போகும் மரக்கால் மேலே கூம்பு கட்டி, சரியச் சரிய நிற்கும். கூலிக்கு அளக்கும்போது விளிம்போடு தலைதட்டி அளப்பார்கள். மரக்கால் ஒன்றுதான், மேலே உள்ள கூம்பில்தான் வித்தியாசம். யாராவது கேட்டால், ‘மாமூல்’. அளவெல்லாம் முடிந்த பிறகு களத்தில் சிந்திக் கிடப்பதைப் பெருக்கி, மண்ணோடு மண்ணாகப் புடைத்து எடுத்துக்கொள்ளும் உரிமை பெண்களுக்கு உண்டு. அது தரப்பட்டபோது, ‘பெரிய மனசு’ என்று நிலக்காரரை வாழ்த்திவிட்டுப் போவார்கள். கூம்பில் போனது கண்ணுக்குத் தெரியவில்லை, களத்துமண்ணில் கிடைத்தது தெரிந்தது. சம்மதம் விளைகிற இடம் எது என்று கிராம்சி சிறையிலிருந்து தேடினார். பாகூர்க் களத்துமேட்டுக்கு வந்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் பார்த்திருப்பார்.

ஏரித் தண்ணீருக்கும் இதே கதை. மதகைத் திறந்து மூடுகிறவர், இரவெல்லாம் மடை பார்த்து எந்த வயலுக்கு எவ்வளவு என்று விடுகிறவர் நீர்க்கட்டி. எந்த மதகில் எந்தப் பலகை இற்றுப்போயிருக்கிறது, எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஏரிப் பராமரிப்புக்கென்று பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து இருந்த சங்கங்களிலும் பொதுநிதியிலும் இடம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கு. தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர் வெளியே நிற்க, தண்ணீரால் பயனடைகிறவர் உள்ளே உட்கார்ந்து முடிவு செய்வார். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் பேச்சு வந்துவிட்டது. நம் கதையின் சுவாரசியமான பகுதி அதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வில்லியனூரும் பாகூரும் 1749-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சந்தா சாகிபு காலத்து அரசியல் பேரத்தில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை. 1752-ல் பாகூர் வயல்வெளியில் வெள்ளைக்காரர்கள் இரண்டு தரப்பாக மோதிக்கொண்ட சண்டையும் நடந்தது. பிற்பாடு பிரான்சில் புரட்சி வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றார்கள். அந்த மூன்று சொல்லும் கப்பலேறி இங்கே வந்தபோது என்ன ஆயிற்று?

1819-ல் பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே அமலுக்குக் கொண்டுவந்தபோதே ஒரு விதியையும் சேர்த்து வைத்தார்கள். இந்தியர்களை, இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும், அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், ஆசாரப்படியே விசாரிக்க வேண்டும் என்பது அந்த விதி. கேட்பதற்கு நல்ல மரியாதை. ஆனால் வழக்கம் எது என்று பிரெஞ்சு நீதிபதிக்கு எப்படித் தெரியும்? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாரைக் கேட்பது? 1827-ல் தெபாசின் என்ற நிர்வாகி காலத்தில் அதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். இந்துச் சட்ட, வழக்க விஷயங்களில் நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குழு. உறுப்பினர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள். சொத்து வழக்கு, தத்து வழக்கு, கல்யாண வழக்கு, சாதி வழக்கு எதுவானாலும் நீதிபதி எழுதிக் கேட்பார், குழு பதில் எழுதும். அந்தப் பதில்களை லெயோன் சோர்க் என்ற நீதித்துறைக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புத்தகமாகவே தொகுத்துப் போட்டார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஊர் வழக்கம் என்று நாம் சொல்வது பல நேரங்களில் ஒரு பதில். கேட்டவர் ஒருவர், சொன்னவர் ஒருவர். சேரியில் இருந்தவனைக் கூப்பிட்டு, ‘உங்கள் ஊர் வழக்கப்படி நீ செருப்புப் போட்டுக்கொண்டு பெரிய தெருவில் நடக்கலாமா?’ என்று கேட்டிருந்தால் அவன் வேறு பதில் சொல்லியிருக்கக்கூடும். விதவையைக் கேட்டிருந்தால் சொத்துரிமை பற்றி அவளும் வேறு பதில் சொல்லியிருப்பாள். கேட்கப்பட்டவர்கள் சொன்னார்கள், எழுதுகிறவர்கள் எழுதினார்கள், அடுத்த தலைமுறையில் அது சட்டம், அதற்கடுத்த தலைமுறையில் அது ‘ஆதி காலந்தொட்டு’. சமத்துவம் பேசிய குடியரசு, தன் கையாலேயே ஏற்றத்தாழ்வுக்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

இதற்கு முன்பும் இப்படித்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1736-லிருந்து 1761 வரை. அதைப் போல ஒரு பொக்கிஷம் எந்த ஊருக்கும் வாய்க்காது. பிரபஞ்சன் அதை வைத்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல் எழுதினார். இரண்டாவதற்கு சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. ஆனால் பிள்ளை துபாஷி, வியாபாரி, யாதவ குலத்துப் பெரிய மனிதர். 1745-ல் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவரை எடுத்த விவகாரத்தையும், அதனால் கிளம்பிய கொந்தளிப்பையும் எழுதி வைத்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யாராவது அன்று இரவு ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். கூடாது என்றார்கள். அவர் விடவில்லை, பாரிஸின் மேல் நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். 1881 செப்டம்பரில் ஒரு ஆணை வந்தது. விருப்பமுள்ள இந்தியர் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போகலாம். குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ ஆனார். அவரோடு கையெழுத்துப் போட்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். வழக்கத்தைத் துறக்கச் சட்டப்படி ஒரு பத்திரம்! உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு காரியம் நடந்ததா தெரியாது. ஒரே கையெழுத்தில் முப்பாட்டன் கட்டிய சுவரைத் தாண்டிவிடலாம்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? சண்முக வேலாயுத முதலியார் எழுந்தார். மதமும் மாமூலும் போய்விட்டது என்று குரல் கொடுத்தார்; ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிரெஞ்சிந்திய அரசியல் அவர் சட்டைப்பைக்குள் இருந்தது. ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு 1871-லேயே இங்கே வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போது யாரும் கனவுகூடக் காணவில்லை. 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், வழக்கம் துறந்தவர், மற்ற இந்தியர். கையளவு ஐரோப்பியருக்கும் கடலளவு இந்தியருக்கும் ஏறத்தாழ ஒரே எடை. மூன்றாவது பட்டியலில் இருந்த எளிய விவசாயியும் கூலியும் யார் பக்கம் நின்றார்கள்? மாமூலைக் காப்பாற்றுகிறவர் பக்கம். அந்தக் காலத் தேர்தலில் ஓட்டுப் போட்டது யார், எண்ணியது யார் என்பது தனிக் கதை. ஊர் முழுக்க ஒரே பெட்டியில் ஒரே மாதிரி விழுந்த ஓட்டுகளைக் கேள்விப்பட்டால் நம்ம காலத்துக் கட்சிக்காரர்களே கூச்சப்படுவார்கள். ஆனாலும் எல்லாம் கள்ள ஓட்டு என்று தள்ளிவிட முடியாது. எந்த வழக்கம் தன்னை மிதித்ததோ அதைக் காப்பாற்ற மனப்பூர்வமாகவே பல பேர் நின்றார்கள்.

ஏன்? கீழே இருப்பவனுக்கும் இன்னும் கீழே ஒருவன் இருந்தால் அந்த ஏணியைக் காப்பாற்றத் தோன்றும். சென்னை மாகாணத்தில் குடிக்கணக்கு எடுக்க ஆரம்பித்ததும் சாதி சாதியாக மனுக்கள் போயின: நாங்கள் க்ஷத்திரியர் என்று எழுதுங்கள், வைசியர் என்று எழுதுங்கள் என்று. ஏணியே தப்பு என்று மனு போட்டவர்கள் குறைவு. சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் பிற்பாடு இதற்கு ஒரு பெயர் வைத்துப் பெயர் வாங்கினார். மேலே இருப்பவன் வைத்த அளவுகோலாலேயே தன்னை அளந்துகொண்டு, ‘நானும் இவ்வளவு உயரம்’ என்று நிரூபிக்கப் பார்ப்பது.

பாரதியைக்கூட இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டு வைத்தார். அந்தக் காலத்தில் அதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! ஆனாலும் அவர் கொடுத்தது மேலே இருப்பவனுடைய அடையாளத்தைத்தான். அயோத்திதாசர் அதே காலத்தில் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய பத்திரிகையை நடத்திக்கொண்டு வேறு வேலை செய்துகொண்டிருந்தார். உன் அடையாளம் எனக்கு வேண்டாம். நான் ஆதியில் பௌத்தன், தாழ்த்தியது நீ என்று பழைய கதைகளையே தலைகீழாக வாசித்தார். அவருடைய சரித்திரத்தில் எவ்வளவு நிற்கும் என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும். கேட்கப்படாதவன் தன் பதிலைத் தானே எழுத ஆரம்பித்தான் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாரதியை விட ஒரு படி அதிகம் என்றே சொல்வேன்; கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

மேலேயிருந்து வருவதெல்லாம் மேலே இருப்பவர் நினைத்த மாதிரியே கீழே போய்ச் சேர்கிறதா? அதுவும் இல்லை. வில்லியனூர் மாதா கோயிலைப் பாருங்கள். 1877-ல் சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. பிரெஞ்சுப் பாதிரிமார் லூர்து மாதா பக்தியை இங்கே கொண்டுவந்தார்கள். இறக்கும்போது பெட்டி கீழே விழுந்தும் சுரூபம் உடையவில்லை என்று கதை. ஆனால் இன்றைக்குக் குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு போகிற கூட்டத்தில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. மொட்டை போடுகிறார்கள், நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். பிரெஞ்சு மாதா நம்ம ஊர் அம்மன் ஆகிவிட்டாள். பாதிரிமார் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

அதே வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர். வைகாசித் தேருக்கு அன்றைக்குப் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்தார். இன்றைக்குத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். நல்ல காட்சி, நானும் பார்த்து ரசித்திருக்கிறேன். அதிகாரம் வந்து கயிற்றைத் தொட்டால்தான் தேர் நகரும் என்று ஊர் கற்றுக்கொள்கிறது. ஊர் நம்பினால்தான் அதிகாரம் நிற்கும் என்று கவர்னரும் கற்றுக்கொள்கிறார். வடம் யார் பிடிக்கலாம் என்பது விளையாட்டு விஷயமில்லை. சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் நான்கு நாட்டார் வடம் பிடிக்கும் உரிமையில் தலித் மக்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டதற்காகத் தேரே ஆண்டுக்கணக்கில் நின்றுபோனது, வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று.

விடுதலைக்கு வருவோம். வில்லியனூர்ப் பக்கம் கீழூர். 1954 அக்டோபர் 18. இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. வாக்களித்தவர்கள் 178 பேர். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இந்த 178 பேரும் சட்டமன்ற உறுப்பினர்கள், கொம்யூன் கவுன்சிலர்கள். பொதுமக்கள் ஓட்டுப் போடவில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம் வரை எடுவார் குபேரும் அவருடைய சோஷலிஸ்ட் கட்சியும் பிரான்சோடு இருந்தார்கள். மார்ச்சில் ஒரே வீச்சில் மாறினார்கள். மார்ச் 31-ல் நெட்டப்பாக்கம் போலீஸ் நிலையத்தில் கொடி ஏறியது. கொம்யூன் மேயர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் நிலம் உள்ள பெரிய குடும்பத்தார். அவர்கள் திரும்பிய பக்கம் ஊர் திரும்பியது. நான் இணைப்பைக் குறை சொல்லவில்லை. மக்களைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ‘பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க’ என்ற பழக்கம் அந்த விடுதலை நாளிலும் விடுதலை ஆகவில்லை. 1936 ஜூலை 30-ல் புதுவை ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்களே, அவர்கள் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் அது நகரத்தில், ஆலை வாசலில். வயல்வெளியில் அந்தக் காற்று மெதுவாகத்தான் வந்தது.

குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் 1970-ல் வந்தது, நில உச்சவரம்புச் சட்டம் 1973-ல் வந்தது. அவற்றால் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதற்கு இன்னொரு நாள் வேண்டும். இன்றைய காலத்து நம்பிக்கை ஒன்றுக்கு வருகிறேன்.

‘விவசாயத்துல ஒண்ணும் இல்லைங்க.’ பாகூரிலும் வில்லியனூரிலும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். விவசாயியே சொல்கிறார். உரவிலை, கூலி, தண்ணீர் எல்லாம் பார்த்தால் அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தை எத்தனை பேர், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று கவனித்தீர்களா? வயலோரத்தில் கலர்க் கொடி கட்டிய கம்புகள் நடப்படுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பேச்சு அந்தப் பக்கம் பலமாக இருக்கும். கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், அரியூர்ப் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வந்தன, சாலை அகலமானது, மனைவிலை ஏறியது. அதோடு சேர்ந்து நிலத்தைப் பற்றிய நம் அறிவும் மாறிவிட்டது. பிள்ளைகளிடம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால் விழிக்கிறார்கள். சதுர அடி எவ்வளவு என்றால் டக்கென்று சொல்கிறார்கள். நிலத்தை மனையாகப் பார்ப்பவருக்கு லாபமான எண்ணம், நிலத்தை விற்பவர் வாயிலிருந்து பொது அறிவாக வெளியே வருகிறது. களத்துமேட்டில் ‘லாபம்’ சொன்னவரின் பேரப்பிள்ளைதான் இப்போது லே-அவுட்டில் வாட்ச்மேன். அவரும் சொல்கிறார்: விவசாயத்துல ஒண்ணும் இல்லைங்க. அவர் குடும்பத்துக்கு நிலமே கிடையாது என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறார்.

வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்த வாணிதாசன் இந்த வயல்களைப் பற்றி எழுதினாரே, அந்தக் கவிதைகளை நம் பள்ளிகளில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவர் பாடிய வயல் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இப்போது என்னவாக இருக்கிறது என்று ஒரு மாணவனும் கேட்பதில்லை. கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்பதற்கு ஒரு இடம் வேண்டும். கிராமசபை அப்படி ஒரு இடம் என்று சொல்வார்கள். நம் யூனியன் பிரதேசத்தில் கிராமப் பஞ்சாயத்து, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் 1973-ல் வந்தது. அதற்கு முன்னால் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருந்தது. அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006-ல். 38 ஆண்டு இடைவெளி. அந்த ஒரு முறைதான் இட ஒதுக்கீட்டால் பெண்களும் தலித் மக்களும் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மதகு பழுதா, சுடுகாட்டுப் பாதை யாருடையது, கோயில் திருவிழாவில் எந்தத் தெரு முதலில் என்று ஊர் விஷயங்களில் அவர்கள் சொன்ன பதிலும் கோப்பில் ஏறியது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது. 2021-ல் தேர்தல் தேதி அறிவித்தார்கள், வழக்கில் நின்றுபோனது. நாற்காலி காலியாகவே கிடக்க, வேலையெல்லாம் அதிகாரிகள் மூலமாக நடக்கிறது. நல்ல அதிகாரிகளும் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் ‘இந்த ஊர் வழக்கம் என்ன?’ என்று விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினால், யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறார் என்று நீங்களே பார்த்து வையுங்கள்.